இரவல் விமானம்

கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போயிருக்கிறீர்களா? சாப்பாட்டில் மனம் லயிக்காது; கை அடிக்கடி கழுத்துக்குப் போய் வரும். அமெரிக்காவில் விமானம் ஓட்டப் பழகுகிற பிள்ளைகளின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ஏறி உட்கார்ந்திருப்பது இரவல் பொருள் என்பதே பலருக்கு நினைவிருப்பதில்லை!

அங்கே 16 வயதில் தனியாகப் பறக்கலாம். 17 வயதில் லைசென்ஸ். நம் ஊர்ப் பிள்ளைகளும் போய்ப் படிக்கிறார்கள். சொந்த விமானம் வாங்க யாரால் முடியும்? 1956 முதல் விற்பனையாகி வரும் 'செஸ்னா 172' நாலு பேர் உட்காரும் சின்ன விமானந்தான். இன்று புதிதாக வாங்கினால் நாலு லட்சம் டாலருக்கும் மேல். ஆகவே மணிக்கு இவ்வளவு என்று பள்ளியிலேயே வாடகைக்கு எடுக்கிறார்கள்.

"எங்கள் விமானங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்பார் பள்ளிக்காரர். பொய்யில்லை. ஆனால் அது யாரைக் காப்பாற்ற? இதைத்தான் கேட்க வேண்டும், அம்மா! பெரும்பாலும் அந்தப் பாலிஸி சொந்தக்காரருக்காக எடுத்தது.

உங்கள் மகள் தனியாக இறங்குகிறாள். மூக்குச் சக்கரம் ஓங்கி மோதி, சுழலும் புரொப்பெல்லர் தரையில் பட்டுவிடுகிறது. அவளுக்குக் காயமில்லை, தெய்வ கிருபை. ஆனால் புரொப்பெல்லரை மாற்றினால் மட்டும் போதாது; எஞ்ஜினையும் கழற்றி உள்ளே சோதிக்க வேண்டும். செலவு ஆயிரக்கணக்கான டாலர். இன்ஷூரன்ஸ் கம்பெனி பள்ளிக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். தொல்லை விட்டது என்று நினைப்போம். அப்புறந்தான் ஆரம்பம்! பணம் கொடுத்த கம்பெனி, பள்ளியின் ஸ்தானத்தில் தானே நின்று, "சேதம் உன் கவனக்குறைவால்தானே?" என்று உங்கள் மகள் மேல் வழக்குப் போடலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. பள்ளி தன் பங்காகக் கட்டிய முதல் தொகை, விமானம் ஷெட்டில் கிடந்த நாட்களின் வாடகை நஷ்டம் - இவையும் அவள் தலையில்தான் என்று வாடகைப் பத்திரத்தில் பொடி எழுத்தில் இருப்பதுண்டு.

வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கென்றே தனிப் பாலிஸி உண்டு. பிறருக்கும் பிறர் சொத்துக்கும் நேரும் நஷ்டத்துக்கு ஒரு பாகம். வாடகை விமானத்துக்கே நேரும் சேதத்துக்கு இன்னொரு பாகம். இந்த இரண்டாவதைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கிறேன் என்று முதல் பாகத்தோடு நிறுத்தினால், மேலே சொன்ன புரொப்பெல்லருக்குக் காலணா கிடைக்காது. கொட்டை எழுத்தில் 'பத்து லட்சம் டாலர்' என்று போட்டிருக்கும். லைசென்ஸ் வாங்கியபின் சிநேகிதியை ஏற்றிக்கொண்டு போகிறாளே, அந்தச் சிநேகிதிக்கு அதில் ஒரு லட்சந்தான் என்று கீழே ஒரு வரி இருப்பது சகஜம்.

சில பள்ளிகள், மாணவர்கள் மேல் வழக்குப் போடும் உரிமையைக் கம்பெனி விட்டுக்கொடுக்கும்படி எழுதி வாங்கியிருக்கின்றன. அப்படியானால் இரண்டாவது பாகத்தைப் பள்ளியின் முதல் தொகை அளவுக்கு எடுத்தாலும் சமாளிக்கலாம். "இருக்கிறது" என்ற வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

முதல் முதலாகத் தனியே பறந்தவரின் சட்டை முதுகைக் கத்தரித்துச் சுவரில் மாட்டுவது அங்கே ஒரு வழக்கம். அந்தத் துணித்துண்டின் போட்டோ உங்களுக்கு வருமுன், வாடகைப் பத்திரத்தின் நகல் வந்து சேரட்டும்.