குழிமுயலும் கோதுமை வயலும்

ஐரோப்பியக் குழிமுயல் தமிழ்நாட்டின் காட்டு முயலிலிருந்து வேறுபட்டது. காட்டு முயல் மண்ணைத் தோண்டாது. புல்லடியில் தனியே பதுங்கிக் கிடக்கும். குழிமுயலோ கூட்டமாக வாழும். பல வாசல்கள் வைத்து நிலத்துக்கடியில் வளை தோண்டும். சினைக்காலம் ஏறக்குறைய 30 நாள்தான். ஈன்ற நாளிலேயே மறுபடியும் சினைபிடிக்கக்கூடியது. ஸ்பெயின், போர்ச்சுகல், தென்மேற்குப் பிரான்ஸ் ஆகியவையே அதன் தாயகம். மற்ற இடங்களுக்கெல்லாம் மனிதர்தான் கொண்டுபோனார்கள்.

குழிமுயல் மேய்ந்த வயலைப் பார்த்ததும் கண்டுகொள்ளலாம். வளைக்கு அருகில் உள்ள வரப்போரம் மொட்டையாக இருக்கும். அதையடுத்துப் பயிர் விரற்கடை உயரத்துக்கு நிற்கும். உள்ளே போகப்போக உயரம் கூடி, நடுவயலில்தான் முழுப்பயிர் தெரியும். ஏழு முதல் பத்து முயல்கள் சேர்ந்தால் ஓர் ஆட்டின் தீனியைத் தின்றுவிடும் என்பது பண்ணைக் கணக்கு. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், முயல் தொல்லையை அடக்கப் படைவீரர்களை அனுப்பும்படி பலேரிக் தீவு மக்கள் வேண்டினார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அத்தனை பழைய வழக்கு இது.

ஆனால் உழவருக்குக் கேடான இதே விலங்குதான் சாதாரண வேட்டைக்காரருக்கு முதல் இரை. மான் வேட்டைக்குப் பெரிய காடு வேண்டும். முயலுக்கு ஒரு நாயும் ஒரு வேலியோரமும் போதும். ஃபெரட் என்னும் கீரி போன்ற வளர்ப்பு விலங்கை விட்டுப் பிடிப்பது பழைய முறை. வளையின் வாசல் ஒவ்வொன்றின் மேலும் சிறு சுருக்கு வலையை விரித்து, முளையடித்துக் கட்டுவார்கள். ஒரு வாசல் வழியாக ஃபெரட்டை உள்ளே விட்டபின் யாரும் வாய் திறக்கக் கூடாது, கால் மாற்றி நிற்கவும் கூடாது. நிலத்துக்கடியில் திடுதிடுவென்று ஓர் அதிர்வு கேட்கும். மறுகணம் ஒரு வலை சுருங்கி உருளும். பயிரும் தப்பும், வீட்டுக்குக் கறியும் கிடைக்கும். இந்த முறையின் பெரிய நன்மை வேறொன்று: செய்தவரின் வரப்புக்குள்ளேயே அது முடிந்துவிடும். பக்கத்து நிலத்துக்காரருக்கு முயல் வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே முடிவுசெய்துகொள்ளலாம்.

பிடிக்கும் உரிமை யாருக்கு என்பதும் சிறிய கேள்வியல்ல. இங்கிலாந்தில் நிலக்கிழார்கள் வேட்டை உரிமையைத் தங்களிடமே நிறுத்திக்கொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை விவசாயி தன் பயிரை முயல் தின்பதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. 1880இல் வந்த சட்டம், தான் பயிரிடும் நிலத்தில் முயலைக் கொல்லும் உரிமையை அவருக்குக் கொடுத்தது. எந்த ஒப்பந்தத்தாலும் அதைப் பறிக்க முடியாது என்றும் அது உறுதி செய்தது. அந்த நியாயம் அவ்வளவு காலம் தாழ்த்தி வந்திருக்கக் கூடாது.

வரப்புக்குள் நின்ற இந்த ஏற்பாட்டை உடைத்தது ஒரு நோய். தென் அமெரிக்க முயல்களிடம் லேசான கட்டியை மட்டும் உண்டாக்கும் மிக்சோமா வைரஸ், ஐரோப்பிய முயலைக் கொன்றுவிடும். 1950இல் ஆஸ்திரேலியா அதை வெளியில் விட்டுப் பெருவெற்றி கண்டது. அதைக் கேள்விப்பட்ட பிரெஞ்சு மருத்துவர் பால் அர்மான் தெலீல், பாரிசுக்கு மேற்கே மைபுவாவிலுள்ள தன் பண்ணையில் முயலை ஒழிக்க நினைத்தார். பண்ணையைச் சுற்றி மதில் இருந்தது. 1952 ஜூனில் சுவிட்சர்லாந்திலிருந்து வைரஸை வரவழைத்து, இரண்டு முயல்களுக்கு ஊசி போட்டு விட்டார். சில வாரங்களில் பண்ணை முயல்கள் அநேகமாக எல்லாம் செத்தன. மதில் முயலைத் தடுத்திருக்கலாம். வைரஸைச் சுமந்து போகும் கொசுவையும் தெள்ளுப்பூச்சியையும் எந்த மதில் தடுக்கும்? சில மாதங்களில் நோய் வெளியே தலைகாட்டியது. 1953இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியை எட்டியது. 1954 முடிவதற்குள் பிரான்சின் காட்டுக் குழிமுயல்களில் பத்தில் ஒன்பது மாண்டுவிட்டன.

நோய் கண்ட முயலின் இமைகள் வீங்கி மூடிக்கொள்ளும். கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடியும். பகல் வெளிச்சத்தில் நடுச்சாலையில் உட்கார்ந்திருக்கும், வண்டி வந்தாலும் நகராது. சாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகலாம். அதைப் பார்த்த மக்களின் கொதிப்பால்தான், நோயுற்ற முயலை வேண்டுமென்றே பரப்புவதை 1954ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் குற்றமாக்கியது.

பிரான்சிலோ நாடு இரண்டாகப் பிரிந்தது. பயிரும் இளமரக் கன்றுகளும் தழைத்ததில் உழவர்களும் வனத்துறையினரும் மகிழ்ந்தார்கள். வேட்டைக்காரர்களுக்கும் முயல் வளர்ப்போருக்கும் அது பேரிழப்பு. 1955இல் நீதிமன்றம் அர்மான் தெலீலுக்கு 5,000 ஃபிராங்க் அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டே அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில் அவர் முகம், மறுபக்கத்தில் செத்த முயல். தண்டனையும் பாராட்டும் ஒரே செயலுக்குத்தான். அவர் தன் வயலைக் காக்க நினைத்ததில் தவறில்லை. கண்டம் முழுவதற்குமான முடிவைத் தனியொருவர் எடுத்ததே தவறு.

இரை போனபின் வேட்டையும் மாறியது. கூண்டில் வளர்த்த காட்டுக்கோழிகளைத் திறந்துவிட்டுச் சுடும் வழக்கம் பெருகியது. நோய் தாங்கும் அமெரிக்கப் பஞ்சுவால் முயலைக் கொண்டுவந்து விட்டும் பார்த்தார்கள். 1960களில் வட இத்தாலியில் விடப்பட்டது அங்கே வேரூன்றிவிட்டது. காலப்போக்கில் வைரஸ் வீரியம் குறைந்து, முயலுக்கும் எதிர்ப்பு வளர்ந்தது. எண்ணிக்கை ஓரளவு தேறும் நேரத்தில், 1980களின் இறுதியில் இரத்தக்கசிவு நோயை உண்டாக்கும் இன்னொரு வைரஸ் ஐரோப்பாவில் பரவியது. 2010இல் அதன் புதிய வகை பிரான்சில் தோன்றி, பிறகு ஸ்பெயினைத் தாக்கியது. முயலையே நம்பி வாழும் ஐபீரிய லின்க்ஸ் காட்டுப்பூனை 2002 வாக்கில் நூற்றுக்கும் கீழே இறங்கியிருந்ததற்கு, இரை அற்றுப்போனதும் முக்கியக் காரணம். 2019இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் குழிமுயலையே அழியும் ஆபத்திலுள்ள விலங்காகப் பட்டியலிட்டது.

இன்று ஸ்பெயினில் இரண்டு நிலைமைகளும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. நெடுஞ்சாலை, ரயில் பாதைக் கரைகளின் இளகிய மண்ணில் வளை தோண்டிய முயல்கள் தானிய வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் அழிக்கின்றன. அங்கே பருவம் அல்லாத காலத்திலும் சுட அனுமதி தருகிறார்கள். புதர்க்காட்டு மலைகளிலோ வேட்டைப் பண்ணைக்காரர்களும் லின்க்ஸ் காவலர்களும் கல்லடுக்கிச் செயற்கை வளைகள் கட்டுகிறார்கள். வயலில் பிடித்த முயல்கள் அந்த வளைகளில் விடப்படுகின்றன.