பூ நம்மளுது... டோஸ் யாரைக் கேட்கணும்?

இந்த வாரம் ஒரு மினி க்விஸ்ஸோட ஆரம்பிப்போம். தமிழ்நாட்டோட மாநிலப் பூ எது? 'செங்காந்தள்'னு டக்குனு சொன்னவங்களுக்கு ஒரு மார்க். அதை நேர்ல பார்த்தவங்களுக்கு இன்னொரு மார்க். மூணாவது கேள்வி: அந்தச் செடியோட விதையில் இருக்கிற ஒரு பொருளை, ஹார்ட் அட்டாக் அபாயத்தைக் குறைக்கிற மருந்தா அமெரிக்கா 2023-ல் அங்கீகரிச்சது தெரியுமா? தெரியும்னு சொல்றவங்க நேரா அடுத்த பக்கத்துக்குப் போயிடலாம். மத்தவங்க எல்லாம் வாங்க, பேசுவோம்.

ஏன் இந்த மேட்டர்? வாட்ஸ்அப்பைத் திறந்தாலே மூலிகை மழைதான். மூட்டு வலியா, பொடி. சுகரா, சூரணம். முடி கொட்டுதா, தைலம். எல்லாத்துக்கும் கீழே ஒரே பஞ்ச் டயலாக்: 'நூறு சதவீதம் இயற்கை, பக்கவிளைவு கிடையவே கிடையாது'. அந்தக் கடைசி வரிக்கு செங்காந்தளை விட நல்ல பதில் கிடையாது.

முதல்ல பேரைப் பார்ப்போம். கபிலர் எழுதின குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களோட பட்டியல் வருமே, அதில் முதல் பூவே காந்தள்தான். கார்த்திகை மாசத்தை ஒட்டிப் பூக்கிறதால கார்த்திகைப்பூ. கிழங்கு ஏர் மாதிரி வளைஞ்சு இருக்கிறதால கலப்பைக்கிழங்கு. விவசாயிங்களைக் கேட்டா கண்வலிக்கிழங்கு. ஒரே செடிக்கு இத்தனை பேர் இருந்தா, கடையில் ஆள் மாறாட்டம் நடக்காம இருக்குமா? அதுக்குத்தான் தாவரவியல்காரங்க 'குளோரியோசா சூபர்பா'ன்னு ஒத்தைப் பேர் வச்சிருக்காங்க.

இந்தப் பேர் விஷயத்தில் நம்ம ஊர் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்து போற தூரத்தில் இருக்கிற செயின்ட் ஜோசப் கல்லூரியில், ஃபாதர் கே.எம்.மேத்யூ 1967-ல் ராபினாட் ஹெர்பேரியத்தை ஆரம்பிச்சார். தமிழ்நாட்டுச் சமவெளியிலும் மலைகளிலும் அலைஞ்சு செடிகளைச் சேகரிச்சு, காய வச்சு, அட்டையில் ஒட்டி, பேர் எழுதி வைக்கிற வேலை. 1980-களில் அது பெரிய பெரிய வால்யூம்களா வெளிவந்தது. ஒரு செடி மருந்தாகிறதுக்கு முதல் ஸ்டெப், 'இது எந்தச் செடி'ன்னு சந்தேகமில்லாமச் சொல்றதுதான் பாஸ்.

இப்போ வயலுக்குப் போவோம். திருச்சியிலிருந்து கரூரைத் தாண்டி அரவக்குறிச்சி, மூலனூர் பக்கம் போனா, பந்தல் கம்பியில் ஏறின செங்காந்தள் வயல்களைப் பார்க்கலாம். இந்தப் பூவில் மகரந்தம் ஒரு பக்கம், சூலகமுடி வேற பக்கம் திரும்பி நிக்கும். அதனால காலையில் ஆட்கள் இறங்கி, ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கணும். அப்பதான் நல்லா காய் பிடிக்கும். அந்த விதைதான் வியாபாரிங்க கை மாறி வெளிநாட்டு மருந்து கம்பெனிகளுக்குப் போகுது. விதைக்குள்ளே இருக்கிற சரக்கு பேர் கால்ச்சிசின்.

அது உடம்புக்குள்ளே என்ன பண்ணுது? அழற்சின்னா, அடிபட்ட இடத்தில், கிருமி வந்த இடத்தில் நம்ம வெள்ளை அணுக்கள் படையா வந்து போடுற சண்டை. சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். நல்ல விஷயம்தான். ஆனா எதிரியே இல்லாத இடத்திலும் சண்டை தொடர்ந்தா அது நோய். கவுட்டை எடுத்துக்கோங்க. கால் கட்டைவிரல் மூட்டில் யூரிக் ஆசிட் துகள்கள் சேரும். கிருமின்னு நினைச்சு படை கிளம்பும். பெட்ஷீட் பட்டாலே அலறுவாங்க.

செல்லுக்குள்ளே டியூபுலின்னு ஒரு புரதம். அது ஒண்ணோடு ஒண்ணு சேர்ந்து நீளமான குழாய்களாகும். கட்டடத்துக்குச் சாரம் மாதிரி, சரக்கு போக தண்டவாளம் மாதிரி. கால்ச்சிசின் போய் டியூபுலினில் ஒட்டிக்கிட்டா, சாரம் கட்ட முடியாது. வெள்ளை அணு ஓட முடியாம தடுமாறும். சண்டை அடங்கும், வலி குறையும். மெக்கானிக்கல் பசங்களுக்கு இது ஈஸியா புரியும்!

இதே பொருள் ஐரோப்பாவில் கால்ச்சிகம்ங்கிற செடியிலும் இருக்கு. கவுட்டுக்கு அதைப் பல நூற்றாண்டா கொடுத்துட்டு வந்தாங்க. 1820-ல் பெல்லத்தியே, காவெந்து என்ற ரெண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதிலிருந்து பொருளைத் தனியாப் பிரிச்சாங்க. அமெரிக்காவில் ரொம்ப நாளா முறையான அனுமதி இல்லாமலே வித்துக்கிட்டு இருந்த மாத்திரைக்கு, 2009-ல் ஒரு கம்பெனி சோதனை நடத்தி அனுமதியும் தனி விற்பனை உரிமையும் வாங்குச்சு. 9 சென்ட்டுக்கு வித்த மாத்திரை கிட்டத்தட்ட 5 டாலர் ஆச்சு. நம்ம மூலனூர் விவசாயி? குறைந்தபட்ச ஆதார விலை வேணும்னு பல வருஷமா கேட்டுக்கிட்டிருக்கார்.

அடுத்து இதயம். ரத்தக்குழாய் அடைப்பிலும் அழற்சிக்குப் பங்கு இருக்குன்னு தெரிஞ்சதும் கால்ச்சிசினை அங்கேயும் சோதிச்சாங்க. 2020-ல் வெளியான ஆய்வில், ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் 5,522 இதய நோயாளிகள். பாதிப் பேருக்கு தினமும் 0.5 மில்லிகிராம், மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியான பாதிப்புகள் டம்மி குரூப்பில் 9.6 சதவீதம், மருந்து குரூப்பில் 6.8 சதவீதம். 2023 அனுமதிக்கு இது பெரிய பலம். ஆனா கதை அதோட முடியலை. 2024-ல் வெளியான இன்னொரு ஆய்வில், மாரடைப்பு வந்த 7,062 பேர்கிட்ட சோதிச்சப்போ ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசமே இல்லை! யாருக்கு, எப்போ கொடுத்தா வேலை செய்யும்னு இப்பவும் விவாதம் ஓடுது. அறிவியல் இப்படித்தான். பாஸானவனையும் மறுபடி பரீட்சை எழுதச் சொல்லும்.

இப்பதான் சீரியஸ் மேட்டர். செல் ரெண்டா பிரியறதுக்கும் அதே சாரம்தான் வேணும். அளவு கூடிட்டா எங்கெல்லாம் செல் வேகமா பெருகுதோ அங்கெல்லாம் வேலை நின்னுடும். குடல், எலும்பு மஜ்ஜை, முடியோட வேர். 1966-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இலங்கையிலிருந்து ஒரு கேஸ் வெளியானது. இந்தக் கிழங்கைச் சாப்பிட்டு உயிர் பிழைச்ச ஒரு பெண்ணுக்கு முடி மொத்தமும் கொட்டிப் போச்சு. பிழைச்சவங்க கதை இது. பிழைக்காதவங்க நம்ம ஊர் கிராமங்களில் நிறைய. முதல்ல சாதாரண ஃபுட் பாய்சன் மாதிரி வாந்தி, பேதி. அது அடங்கின மாதிரி தெரியும்போது உள்ளே ஒவ்வொரு உறுப்பா பழுதாகும். கைக்கெட்டுற மாற்று மருந்தும் கிடையாது. யாராவது தெரியாமச் சாப்பிட்டுட்டாங்கன்னா, வாந்தி வரட்டும்னு காத்திருக்காம உடனே 108-க்கு போன் போடுங்க.

நாம டிசைன் பேப்பரில் 'சேஃப்டி ஃபேக்டர்'னு படிக்கிறோமே, மருந்துக்கும் அது உண்டு. குணமாக்கிற அளவுக்கும் கொல்ற அளவுக்கும் நடுவுல உள்ள இடைவெளி. கால்ச்சிசினுக்கு அந்த இடைவெளி ரொம்பக் குறுகல். கிட்னி வீக்கா இருக்கிறவங்களுக்கு இன்னும் குறுகல். கிளாரித்ரோமைசின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கோட சேர்ந்தா, வழக்கமான டோஸே விஷமாகலாம். மாத்திரையில் 0.5 மில்லிகிராம்னு அச்சடிச்சிருக்கும். கிழங்குக்கு லேபிள் ஏது? செடிக்குச் செடி, விதைக்கும் கிழங்குக்கும் அளவு மாறும்.

'அப்போ நம்ம பெரியவங்க எல்லாம் முட்டாளா?'ன்னு சண்டைக்கு வராதீங்க. அவங்க இதை இயற்கைன்னு கொஞ்சலை. ஆயுர்வேதத்தில் இதுக்கு லாங்கலின்னு பேர், உபவிஷம்னு வகை. சுத்தி பண்ணாம தொடவே மாட்டாங்க. இந்திய மருந்துச் சட்ட விதிகளிலும் லாங்கலி நச்சுப்பொருள் பட்டியலில் இருக்கு. அது சேர்ந்த உள்மருந்து பாட்டிலில் மருத்துவர் மேற்பார்வை வேணும்னு எச்சரிக்கை இருக்கணும்.

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போங்க. அங்கே 1493-ஆம் வருஷக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. சிதைஞ்சு போன ஆரோக்கியசாலையை கருடவாகன பட்டர் திரும்பக் கட்டி, தன்வந்திரியை பிரதிஷ்டை பண்ணினதைச் சொல்லுது. மருந்துன்னா அதுக்கு ஒரு சாலை, ஒரு வைத்தியர், ஒரு பொறுப்பு இருந்திருக்கு. ஃபார்வர்டு பண்ற மாமாகிட்ட அந்தப் பொறுப்பு இருக்கா?

இன்னொரு பக்கம் நம்ம செல்லம் மஞ்சள். அதில் இருக்கிற குர்குமின் டெஸ்ட் டியூபில் அழற்சியையும் ஆக்ஸிஜனேற்றத்தையும் சும்மா பின்னிப் பெடலெடுக்கும். ஆனா வயிற்றுக்குள்ளே போனா ரத்தத்தில் சேர்றது ரொம்பக் கொஞ்சம். 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளை 2017-ல் அலசின வேதியியலாளர்கள், டம்மி மாத்திரையோட ஒப்பிட்டு சந்தேகத்துக்கு இடமில்லாம ஜெயிச்ச சோதனை ஒண்ணுகூட இல்லைன்னு எழுதினாங்க. சாம்பாரில் மஞ்சள் தாராளமா போடுங்க. கேப்ஸ்யூலா விழுங்கறதுக்கு முன்னாடி யோசிங்க.

ஆக, பெரியகடை வீதியில் பொட்டலம் வாங்கினாலும் சரி, ஆன்லைன்ல பாட்டில் வாங்கினாலும் சரி, மூணே கேள்வி கேளுங்க. எந்தச் செடி, அதில் எந்தப் பகுதி? ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம்? யார்கிட்ட, எதோட ஒப்பிட்டு சோதிச்சாங்க? மூணுக்கும் பதில் வந்தா அது மருந்து. 'இயற்கைங்க'ன்னு மட்டும் பதில் வந்தா...

செங்காந்தளும் இயற்கைதாங்கன்னு சொல்லிட்டு கிளம்பி வந்துடுங்க!