கோடையே சவுனாவின் பருவம்

ஜூன் 20-க்கும் 26-க்கும் இடையே வரும் சனிக்கிழமை பின்லாந்துக்காரர்களுக்கு யுகான்னுஸ் என்னும் கோடைத் திருநாள். அதற்கு முந்தைய நாளே ஹெல்சிங்கி வெறிச்சோடிவிடும். நகரத்தார் ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்ச் சேர்வார்கள். போனதும் பார்க்கும் முதல் வேலைகளில் ஒன்று, சவுனா அடுப்பில் விறகு அடுக்கித் தீ மூட்டுவது. ஆண்டிலேயே வெளிச்சம் மிகுந்த நாட்களில், எண்பது தொண்ணூறு டிகிரிக்குச் சூடேறிய மர அறைக்குள் குடும்பத்தோடு போய் உட்காருகிறார்கள். சவுனா என்பது பனிநாட்டவர் குளிருக்குக் கண்ட மருந்து என்று நினைப்பவர்களுக்கு இது தேவையற்ற வேலையாகத் தோன்றும். கோடை வந்ததும் சவுனாவை மறந்துவிட்டு, குளிர் தொடங்கியபின் நினைத்துக்கொள்வோர் உலகெங்கும் உண்டு. அவர்கள் அந்தப் பழக்கத்தின் நல்ல பாதியை இழக்கிறார்கள் என்பது என் வாதம். சவுனாவின் பயன் சூடேறுவதில் பாதி, ஆறுவதில் பாதி. அந்த இரண்டாம் பாதியைக் குறைவில்லாமல் தருவது கோடைதான்.

உள்ளே பத்து பதினைந்து நிமிடம் இருந்தால் தோலின் வெப்பம் நாற்பது டிகிரியை நெருங்கும். உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி கூடும். தோலடி ரத்தக்குழாய்கள் விரியும். வேகமாக நடப்பவரின் இதயம்போல இதயம் துடிக்கும். அரை லிட்டர் அளவுக்கு வியர்வை போகும். இவ்வளவும் உடம்பின் மேல் ஏற்றப்பட்ட சுமை. அந்தச் சுமையை இறக்கிவைக்க வெளியே இடம் வேண்டும், நேரமும் வேண்டும். குளிர்காலத்தில் வெளியே மைனஸ் பதினைந்து டிகிரி இருக்கும்போது ஆறுவது என்பது பனிக்கட்டியில் வெட்டிய துளைக்குள் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஓடிவருவதுதான். அதற்கும் ஒரு கிளர்ச்சி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விரிந்திருந்த ரத்தக்குழாய்கள் சட்டென்று சுருங்கும், ரத்த அழுத்தம் எகிறும், மூச்சு இரைக்கும். இதய நோய் உள்ளவர்களை மருத்துவர்கள் எச்சரிப்பது இந்தத் திடீர் மாற்றத்தைப் பற்றித்தான். ஜூன் கடைசியில் அதே ஏரி பதினேழு, பதினெட்டு டிகிரியில் இருக்கும். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நிதானமாக நீந்தலாம், படிக்கட்டில் அரைமணி நேரம் உட்காரலாம், மறுபடி உள்ளே போகலாம். உடம்பு தன் போக்கில் ஆறுவதற்குப் பனிக்காலம் தராத அவகாசம் இது.

பின்லாந்தின் கிராமங்கள் இதை எப்போதோ அறிந்திருந்தன. வைக்கோல் அறுத்து உலர்த்தும் வாரங்களில் தூசும் வியர்வையும் படிந்த உடம்போடு வந்தவர்களுக்கு சவுனாதான் குளியலறை. புகைபோக்கி இல்லாத பழைய புகைச் சவுனாவைச் சூடாக்கப் பல மணி நேரம் பிடிக்கும். அறுவடை வேலை குவிந்து கிடக்கும் நாட்களிலும் அந்த நேரத்தை ஒதுக்கினார்கள் என்பதே அதன் தேவையைச் சொல்கிறது. சவுனாவில் உடம்பை அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக்கொத்தும் கோடையின் பொருள். இலை இளசாக இருந்தால் உதிரும், முற்றினால் மணம் போய்விடும் என்பதால் யுகான்னுஸ் சமயத்தில்தான் கொப்புகளை வெட்டிக் கட்டுவார்கள். குளிர்காலத்தில் பயன்படுவது அப்போது உலர்த்தியோ உறையவைத்தோ சேமித்த கொத்து. ஏறத்தாழ 55 லட்சம் மக்களுக்குச் சுமார் 30 லட்சம் சவுனாக்கள் உள்ள நாடு அது. 2020-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பின்லாந்தின் சவுனாப் பழக்கத்தைச் சேர்த்தது. ஆண்டு முழுவதும் வாழ்க்கையோடு ஓடும் பழக்கமாக இருப்பதால்தான் அது மரபு. நான்கைந்து மாதக் குளிருக்கான ஏற்பாடு மட்டுமாக இருந்திருந்தால் கணப்பு அடுப்போடு சேர்த்து எண்ணப்பட்டிருக்கும்.

மருத்துவச் சான்றுகளில் அதிகம் பேசப்படுவது கிழக்கு பின்லாந்தின் குவோபியோ ஆய்வு. நடுவயதைச் சேர்ந்த 2,315 ஆண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, முடிவுகளை 2015-இல் வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறை சவுனா செல்பவர்களோடு ஒப்பிட்டால், நான்கு முதல் ஏழு முறை செல்பவர்களுக்குத் திடீர் இதய மரணம் நேரும் வாய்ப்பு 63 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த எண்ணை ஆரவாரமாக விற்பவர்கள் சிலவற்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். ஆய்வில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். இது பழக்கத்தைக் கேட்டுக் கணக்கிட்ட ஆய்வு. சோதனை செய்து நிறுவியதல்ல. உடல்நலம் நன்றாக இருப்பவர்தான் அடிக்கடி சவுனா போக முடியும் என்பதால் காரணம் எது, விளைவு எது என்ற கேள்வி நிற்கிறது. அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்புத் தருகிறேன். ஆனாலும் நன்மை இருக்குமானால், அது அடிக்கடி செல்வதோடு சேர்ந்தே காணப்படுகிறது. வாரம் நான்கு முறை என்ற பழக்கம் கோடையில் கதவைச் சாத்திவிட்டால் நிலைக்காது.

வலுவான மறுப்பு வேறொன்று. பின்லாந்தின் கோடையே மாறிவருகிறது. 2025 ஜூலையில் மூன்று வாரங்களுக்கு நாட்டின் ஏதாவது ஒரு பகுதியில் தினமும் முப்பது டிகிரியைத் தாண்டியது. குளிரைத் தாங்கக் கட்டிய வீடுகள் சூட்டை வெளியே விடுவதில்லை. வெப்ப அலை வீசும் ஆண்டுகளில் முதியோர் நூற்றுக்கணக்கில் இறக்கிறார்கள். இதில் மேலும் சூடு எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. வெப்ப அலை கொல்வது இரவும் பகலும் விடாமல் நிற்பதால். உடம்புக்கு ஆறும் வேளையே கிடைக்காமல் போவதால். சவுனாவில் சூடு பதினைந்து நிமிடம். கதவு கையெட்டும் தூரத்தில். இன்னொன்றும் உண்டு: சூட்டுக்குத் திரும்பத் திரும்ப ஆட்படும் உடல் ஒன்றிரண்டு வாரங்களில் பழகிக்கொள்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, வியர்வையோடு போகும் உப்பு குறைகிறது. வெப்பநாட்டுப் போட்டிகளுக்குத் தயாராகும் தடகள வீரர்கள் பயிற்சி முடிந்ததும் சவுனாவில் உட்காருவது இதற்காகவே. கோடையின் தொடக்கத்திலிருந்து மாலைதோறும் சவுனா செல்பவரின் உடல் ஜூலை வெயிலை ஓரளவு தயாராகவே சந்திக்கும். ஆனால் இது நலமாக இருப்பவர்களுக்கான வாதம். இரவிலும் வீடு புழுங்கும் நாட்களில் முதியவர்களும் இதய நோயாளிகளும் சவுனாவைத் தள்ளிவைக்க வேண்டும். ஆறும் இடம் இல்லாதபோது என் வாதத்தின் கால் உடைந்துவிடுகிறது.

உயிர்ப்பலிகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2010 ஆகஸ்டில் ஹெய்னோலா நகரில் நடந்த உலக சவுனாப் போட்டியின் இறுதிச் சுற்றில், 110 டிகிரி அறையில் உட்கார்ந்திருந்த ரஷ்யப் போட்டியாளர் இறந்தார். பின்லாந்துப் போட்டியாளர் கடும் தீக்காயங்களோடு பிழைத்தார். அதோடு அந்தப் போட்டியே நின்றுபோனது. கோடையில் நடந்தது என்பதற்காகக் கோடையின் மேல் பழிபோடுவது தவறு. யார் கடைசிவரை வெளியே வராமல் இருப்பார் என்பதைப் போட்டியாக்கியதுதான் கொன்றது. வெளியேறுவதைத் தோல்வியாக்கினால் சவுனா சவுனாவாக இருக்காது. பின்லாந்தில் சவுனாவுக்குள் நேரும் மரணங்களை ஆராய்ந்தவர்கள், ஆண்டுக்கு லட்சம் பேரில் இரண்டுக்கும் குறைவானவர்களே இறக்கிறார்கள் என்றும் அவர்களில் பாதிப்பேர் மது அருந்தியிருந்தார்கள் என்றும் கண்டார்கள். யுகான்னுஸ் நாட்களில் ஏரிகளில் மூழ்கி இறப்பவர்களின் கதையிலும் மது திரும்பத் திரும்ப வருகிறது. கோடைச் சவுனாவை ஆதரிக்கும் எவரும் இதை மென்று விழுங்கக் கூடாது. குடித்தவரை உள்ளே விடாதீர்கள், தனியே ஏரியில் இறங்க விடாதீர்கள் என்று சத்தமாகச் சொல்வது நம் கடமை.

நகரவாசிக்கு ஏரி ஏது என்று கேட்கலாம். தாம்பரேயில் 1906 முதல் இயங்கும் ராயபோர்த்தி பொதுச் சவுனாவுக்கு ஒரு முற்றம் இருக்கிறது. ஹெல்சிங்கியின் கோத்திஹர்யு 1928-இல் தொடங்கியது. அங்கே துண்டைச் சுற்றிக்கொண்டு தெருவோரத்தில் உட்கார்ந்து ஆறுகிறார்கள். 2016-இல் திறந்த லொய்லு கடலோரத்தில் எழுந்தது, அங்கிருந்து நேரே கடலில் இறங்கலாம். மூன்றையும் அமைத்தவர்கள் ஆறும் இடத்தை அடுப்புக்குச் சமமாக மதித்திருக்கிறார்கள். சென்னையின் விடுதிகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் இப்போது சவுனா அறைகள் வந்துவிட்டன. பின்லாந்து கோடையில் செய்கிறது, நாமும் மே மாதத்தில் செய்யலாம் என்று ஒருவர் சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். மே மாதச் சென்னையில் நள்ளிரவிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது, காற்றில் ஈரம் கூடியிருப்பதால் வியர்வை காயாது, கடல்நீரும் வெதுவெதுப்பு. வெப்பத்துக்கு உடம்பைப் பழக்கும் பயனும் இங்கே சொற்பம், வெயிலில் வேலை செய்யும் உடம்பு ஏற்கெனவே பழகிவிட்டது. குளிரூட்டிய ஓய்வறையில் அரைமணி நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நாடித்துடிப்பு இறங்கியபின் கிளம்பும் வசதி இருந்தால் தடையில்லை. அந்த அறை இல்லாத இடத்தில் சவுனாவின் மின் அடுப்பை ஜூன் கடைசிவரை அணைத்து வைப்பதே நடத்துபவர்கள் செய்யவேண்டியது.