பட்டிக்குள் ஒளியும் ஈரம்

பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவன் நான். குடியிருப்பது புதுச்சேரி மூலக்குளத்தில். வீட்டை விற்கப் போகிறவர்கள் தரகருக்கு அடுத்தபடி கூப்பிடுவது எங்களைத்தான். பழைய வீட்டைப் புதுசு போலக் காட்டினால் நாலு காசு கூடக் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கில் தப்பில்லை. பரணில் கிடக்கும் அட்டைப் பெட்டிகளை எடைக்குப் போடுங்கள். சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். ஜன்னல் கம்பியைக் கழுவி, இருட்டு அறைக்கு நல்ல விளக்குப் போட்டு, வாசலில் ஒரு கோலமும் போடுங்கள். அமெரிக்காவில் இதைத் தனித் தொழிலாகவே செய்கிறார்கள். வீடு விற்கும் வரை சோபா, கட்டில், சுவர்ப் படம் எல்லாம் வாடகைக்கு வந்து இறங்கும். நம்மூர் அடுக்குமாடிகளில் ‘மாதிரி வீடு’ என்று காட்டுவதும் அதே வேலைதான். பார்க்க வருகிறவர் கண்ணுக்கு வீடு நிறைவாகத் தெரிய வேண்டும் என்று நினைப்பது நியாயம்.

ஆனால், சில மாதங்களாக என்னிடம் கேட்கப்படும் வேலை அது இல்லை. “அண்ணே, கீழ மூணடிக்கு நல்லா பட்டி பாத்துடுங்க. ஞாயித்துக்கிழமை பார்ட்டி வருது” என்கிறார் ஒரு தரகர். இன்னொருவர், “சுவத்த நோண்டாதீங்க, மேலயே பி.வி.சி. பேனல் அடிச்சிடுங்க” என்கிறார். அந்த மூன்றடியில் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாங்க வருகிறவருக்கு மட்டும் தெரியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் வீட்டுக்குள் சிக்கியவர்களை ராணுவம் வந்து மீட்டது. ரெயின்போ நகரும் மூழ்கியது. பிறகு வீடூர் அணைத் தண்ணீரில் சங்கராபரணி பெருகி வில்லியனூர் பக்கம் ஏறியது. தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கத்தை முழுக்காட்டியது. வெள்ளம் வடிந்த வீடுகளில் சுவரெங்கும் ஒரு பழுப்புக் கோடு நின்றது. அப்படி நனைந்த வீடுகளும் இப்போது விலைக்கு வருகின்றன. கோட்டைத்தான் காணோம்.

செங்கல் தண்ணீரைக் குடித்தால் லேசில் விடாது. அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத் தடுப்புப் பூச்சு கொடுக்காத பழைய வீடுகளில் நிலத்து ஈரமும் சேர்ந்து ஏறும். ஈரம் வெளியே வரும்போது உப்பையும் இழுத்து வரும். சுவரில் வெள்ளையாகப் பூக்கும், விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். அதன்மேல் பட்டி போட்டு, தேய்த்து, இரண்டு கோட் எமல்ஷன் அடித்தால் கண்ணாடி போல இருக்கும். அடுத்த ஐப்பசி வரைக்கும்தான். முதலில் சின்னக் கொப்புளம், பிறகு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து விழும். சரியான வைத்தியம் வேறு: பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுத்து, வெயில் காலத்தில் நன்றாகக் காயவிட்டு, ஈரம் ஏறும் வழியை அடைத்து, திரும்பப் பூச வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாது.

அதனால்தான் ஈரச் சுவருக்குப் பட்டி போட மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். வேலை வேறு ஆளுக்குப் போகிறது, போகட்டும். வாங்குகிறவர் பெரும்பாலும் சம்பளக்காரர். நகையை விற்று முன்பணம் கட்டி, இருபது வருஷக் கடனில் கையெழுத்துப் போடுகிறவர். வங்கி வழக்கறிஞர் பார்ப்பது தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும். மதிப்பீட்டாளர் பார்ப்பது சதுர அடியும் சந்தை விலையும். சுவரைத் தட்டிப் பார்க்க யாரும் இல்லை.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55, சொத்தில் விற்பவருக்குத் தெரிந்த முக்கியமான குறை, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தெரியாதது என்றால், அதை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவதை மோசடி என்றே அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, கட்டுமான நிறுவனத்திடம் வாங்கிய வீட்டில் ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் நிறுவனம் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். கைமாறி வரும் பழைய தனி வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கலிபோர்னியாவில் 1987 முதல் விற்பவர் வீட்டின் குறைகளை அச்சிட்ட படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறார். நம்மிடம் நூற்றாண்டு தாண்டிய சட்டம் இருக்கிறது, படிவம்தான் இல்லை.

சொல்லிவிட்டால் வீடு விலை போகாது என்பது வீண் பயம். எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவர், கூடத்துச் சுவரில் பூச்சை எடுத்துச் செங்கல் தெரியவே விட்டுவிட்டு, “தண்ணி இதுவரைக்கும் நின்னுச்சு. செலவைக் கழிச்சுக்கிட்டு விலை சொல்லுங்க” என்றார். அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வாங்கினார். கொஞ்சம் குறைந்த விலைதான். ஆனால், கிரயம் முடிந்த பிறகு இரண்டு பேருக்கும் இடையே ஒரு சண்டையும் வரவில்லை. அந்தச் சுவரை நான்தான் கோடையில் பூசிக் கொடுத்தேன்.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு: போனில் வரும் படத்தை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். அகல லென்ஸில் பத்துக்குப் பத்து அறையும் கல்யாண மண்டபமாகத் தெரியும். மழை பெய்த மறுநாள் போங்கள். தெருவிலிருந்து வீட்டுக்குள் ஏறுகிறோமா, இறங்குகிறோமா என்று பாருங்கள். சாலையை மேலே மேலே போட்டதில் பல வீடுகள் பள்ளமாகிவிட்டன. பீரோவை நகர்த்தச் சொல்லிப் பின்சுவரைத் தொடுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஃபெஞ்சலில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள்.

புதுச்சேரி பத்திரப் பதிவுத் துறைக்கு ஒரு வேண்டுகோள். கிரயப் பத்திரத்தோடு விற்பவர் கையெழுத்திட்ட ஒரு பக்கத்தைக் கட்டாயமாக்குங்கள்: வெள்ளம் புகுந்ததா, எவ்வளவு உயரம், என்ன பழுது பார்த்தோம். அந்த மூன்று வரி போதும்.