கழற்றிய நட்டை மீண்டும் நம்பலாமா?

வீட்டு வாசலில் நிற்கும் கப்சாய் மோட்டார்சைக்கிளின் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பாருங்கள். சக்கர அச்சின் முனையில் ஒரு நட்டு இருக்கும். சங்கிலி தளரும்போதெல்லாம் அதைத் தளர்த்தித்தான் சரிசெய்கிறோம். டயர் பஞ்சரானால் முழுதாகவே கழற்றுகிறோம். அந்த வண்டியின் ஆயுளில் அந்த ஒரு நட்டு எத்தனை முறை கழன்று மாட்டப்பட்டிருக்கும்? முதல் நாள் பிடித்த அதே பிடியை இன்றும் பிடிக்கிறதா? இந்தக் கேள்வியை நம்மில் பலர் கேட்பதில்லை. ஸ்பேனரை ஒரு இழு இழுத்துவிட்டுப் புறப்பட்டுவிடுகிறோம்.

ஐந்தாம் படிவம் முடித்து திவெட் கல்லூரிகளுக்கும் பொறியியல் துறைக்கும் செல்லும் நம் மாணவர்கள் நட்டை இறுக்கக் கற்றுக்கொள்கிறார்கள். எவ்வளவு முறுக்குவிசை கொடுக்க வேண்டும் என்பதையும் படிக்கிறார்கள். ஆனால், கழற்றிய நட்டை மீண்டும் பயன்படுத்தலாமா என்று தீர்மானிக்கும் பயிற்சிக்கு அதே அளவு இடம் கிடைப்பதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மறுபடி மறுபடி பயன்படுத்தக்கூடிய பூட்டு நட்டை வடிவமைப்பது சின்ன வேலை போலத் தெரியும். உண்மையில் பொறியியலின் முக்கியமான பாடம் ஒன்று அதற்குள் இருக்கிறது.

முதலில், நட்டு ஏன் கழல்கிறது என்று பார்ப்போம். நட்டை இறுக்கும்போது போல்ட் ஒரு வில்லைப் போல மிக நுண்ணிய அளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப அது முயல்வதால்தான் இரண்டு பாகங்களும் நெருக்கிப் பிடிக்கப்படுகின்றன. நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறக்குறைய 10 விழுக்காடுதான் இந்தப் பிடியாக மாறுகிறது. மீதமெல்லாம் நட்டின் அடிப்பரப்பிலும் மரையிலும் உராய்வில் செலவாகிறது. இதை வீண் என்று நினைக்க வேண்டாம். அந்த உராய்வுதான் நட்டைப் போட்ட இடத்தில் நிறுத்தி வைக்கிறது.

மரை என்பது ஓர் உருளையைச் சுற்றி வரும் சாய்தளம். சாதாரண எம்10 போல்ட்டில் ஒரு முழுச் சுற்றுக்கு நட்டு 1.5 மில்லிமீட்டர் நகர்கிறது. கணக்குப் போட்டால் சாய்வு ஏறக்குறைய 3 பாகை வரும். எஃகின்மேல் எஃகு தானாக வழுக்குவதற்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் சாய்வு வேண்டும். ஆகவே, அசையாமல் நிற்கும் இயந்திரத்தில் ஒழுங்காக இறுக்கிய நட்டு தானாகக் கழலாது.

அதிர்வு வந்தால் கதை மாறுகிறது. அதற்கு முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வையே கவனித்தன. கெர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியாளர் 1969இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாட்டு அசைவே பெரிய எதிரி என்று காட்டினார். லேசாகச் சாய்ந்த பலகையில் ஒரு பெட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தானாக இறங்காது. ஆனால், பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கீழேயும் இறங்கும். உராய்வு ஒரு திசையில் தோற்றுவிட்டால் மற்ற திசைகளிலும் அதற்குப் பலமில்லை. நட்டும் அப்படித்தான் மரை என்ற சரிவில் அணு அணுவாக இறங்குகிறது. யுங்கர் அமைத்த சோதனை இயந்திரத்தின் வழியில்தான் இன்றும் பூட்டு நட்டுகள் சோதிக்கப்படுகின்றன. நாம் நம்பிப் போடும் சுருள் ஸ்பிரிங் வாஷர் இந்தச் சோதனையில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. இறுக்கியவுடன் அது தட்டையாகி, வெறும் வாஷராகிவிடுகிறது.

சரி, எப்படிப் பூட்டுவது? பழைய வழி, கோட்டை மதில் போல வெட்டுகள் கொண்ட நட்டு. போல்ட்டில் உள்ள துளை வழியாக ஒரு பிளவு ஊசியைச் செருகி மடக்கிவிட்டால் நட்டு திரும்பாது. நட்டில் 6 வெட்டுகள் இருப்பதால் 60 பாகைக்கு ஒருமுறைதான் துளையும் வெட்டும் நேர்ப்படும். நாம் விரும்பிய இறுக்கத்தில் துல்லியமாக நிறுத்த முடியாது என்பது இதன் குறை. ஆனாலும் இதில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. தேய்மானம் முழுவதையும் மலிவான ஊசி ஏற்றுக்கொள்கிறது. ஊசியைத் தூக்கிப் போட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினால், அதே நட்டை நிம்மதியாகத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

அடுத்தது நைலான் வளையம் பதித்த நட்டு. போல்ட்டின் மரை அந்த நைலானைப் பிதுக்கிக்கொண்டு நுழைகிறது. நைலான் திரும்ப நெருக்குகிறது, அதனால் நட்டு எளிதில் சுழலாது. விலை மலிவு, போடுவதும் எளிது. ஆனால், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் நைலான் கொஞ்சம் தேய்கிறது, கொஞ்சம் உருமாறுகிறது. ஏறக்குறைய 120 பாகை செல்சியஸுக்கு மேல் அதை நம்பவும் முடியாது. வெப்பத்தைத் தாங்குவதற்காக முழு உலோகத்தில் செய்த பூட்டு நட்டுகளும் உண்டு. அவற்றின் வாய் வேண்டுமென்றே சற்று நெளிக்கப்பட்டிருக்கும். இவற்றில் ஆபத்து வேறு திசையில் வருகிறது. துருப்பிடிக்கா எஃகில் இரண்டு மரைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கழற்றவே முடியாமல் போகலாம். பிறகு போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆக, நல்ல பூட்டு நட்டு பிடிக்க வேண்டும், கேட்டால் விட வேண்டும், மறுபடியும் பிடிக்க வேண்டும். பிடிப்பது மட்டும் என்றால் பற்றவைத்துவிடலாமே! மூன்றையும் ஒன்றாகக் கேட்கும்போதுதான் வடிவமைப்பு என்பது தொடங்குகிறது.

இதற்கு ஜப்பானின் கட்சுஹிகோ வகாபயாஷி கண்ட விடை நம் மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று. முதலில் அவர் யு-நட்டு என்ற பெயரில், தகட்டு வில் பொருத்திய ஒரு நட்டை உருவாக்கினார். நன்றாக விற்றது. ஆனால், கடுமையாக அதிரும் இயந்திரங்களில் அது தளர்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறை கூறினார்கள். அதை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. ஒசாகாவின் சுமியோஷி தைஷா ஆலய நுழைவாயிலில் மரச்சட்டங்களை இறுக்கிப் பிடித்திருந்த ஆப்பு அவருக்கு வழிகாட்டியது. போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவே ஓர் ஆப்பு அடித்தால் என்ன?

ஒவ்வொரு நட்டுக்கும் சுத்தியலால் ஆப்பு அடிக்க முடியாது அல்லவா? எனவே, இரண்டு நட்டுகளாகப் பிரித்தார். கீழ் நட்டின் மேல்பகுதியில் ஒரு கூம்புப் புடைப்பு. அது மையத்திலிருந்து சற்றே விலகியிருக்கும். மேல் நட்டில் அதற்கான குழி. அது சரியாக மையத்தில் இருக்கும். மேல் நட்டை இறுக்கினால் புடைப்பு பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, ஆப்பு அடித்த நிலை தானாக உருவாகிறது. ஹார்ட் லாக் எனப்படும் இந்த நட்டு ஷின்கான்சென் அதிவேக ரயில்களிலும் பயன்படுகிறது. இதில் நான் ரசிப்பது ஒன்று உண்டு. நைலான் நட்டில் பூட்டும் பகுதி மரையின் நீளம் முழுவதும் தேய்ந்துகொண்டே போகிறது. ஆப்பு நட்டிலோ, கடைசியில் இரண்டும் சேரும் இடத்தில் மட்டுமே பூட்டு வேலை செய்கிறது. அதனால்தான் கழற்றி மாட்ட ஏற்றதாக இருக்கிறது.

மறுபயன்பாடு என்பதைப் பேச்சளவில் ஏற்கக்கூடாது, அளந்து பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ 2320 தரநிலை, இத்தகைய எஃகு நட்டுகளை 5 முறை கழற்றிய பிறகும் குறிப்பிட்ட அளவு எதிர்ப்பு மிச்சமிருக்க வேண்டும் என்கிறது. வானூர்திகளுக்கான அமெரிக்கத் தரநிலைச் சோதனையில் 15 முறை மாட்டிக் கழற்றிப் பார்க்கிறார்கள். விமானப் பராமரிப்பில் இன்னோர் எளிய விதியும் உண்டு. நைலான் பகுதியைத் தாண்டியும் நட்டை வெறும் விரலால் திருக முடிந்தால், அதைத் தூக்கிப் போட வேண்டும். எந்தக் கருவியும் தேவையில்லாத இந்தச் சோதனையை நம் வீட்டு மோட்டார்சைக்கிள்களிலும் சைக்கிள்களிலும் உள்ள நைலான் நட்டுகளில் இன்றே செய்து பார்க்கலாம்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 2007ஆம் ஆண்டு நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி, இங்கிலாந்தின் கிரேரிக் என்னும் இடத்தில் ஒரு விரைவு ரயில் தடம்புரண்டு ஒருவர் உயிரிழந்தார். தடம் மாறும் இடத்தில், நகரும் தண்டவாளங்களைப் பிணைக்கும் குறுக்குக் கம்பியின் நட்டுகள் கழன்றது காரணங்களுள் ஒன்று. 5 நாள்களுக்கு முன் அங்கே நடந்திருக்க வேண்டிய பார்வைச் சோதனை நடக்கவில்லை.

ஆகஸ்டு 20ஆம் தேதி, தைப்பேயிலிருந்து ஜப்பானின் நஹா நகருக்கு வந்த சைனா ஏர்லைன்ஸ் போயிங் 737-800 விமானம் தரையிறங்கி நின்றதும் தீப்பிடித்தது. 165 பேரும் உயிர் தப்பினர். விமானம் எரிந்து நாசமானது. இறக்கையின் முன்விளிம்புத் தகட்டை இயக்கும் பகுதியில் இருந்த ஒரு போல்ட் கழன்று, எரிபொருள் தொட்டியைத் துளைத்திருந்தது. வேதனை என்னவென்றால், அந்த நட்டு தளரக்கூடாது என்பதற்காகவே சில வாரங்களுக்கு முன் அதைக் கழற்றி, பசை தடவி, மீண்டும் இறுக்கியிருந்தார்கள். அந்த வேலையின்போது ஒரு வாஷர் கீழே விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. நட்டோ அது பொருந்திய துளையைவிடச் சிறியது. வாஷர் இல்லாமல் போகவே, எல்லாம் சேர்ந்து துளை வழியாக நழுவிவிட்டது.

பசை தோற்கவில்லை. திரும்ப மாட்டும் கையையும் கண்ணையும் வடிவமைப்பு கணக்கில் எடுக்காததுதான் இங்கே தோற்றது. நட்டு துளையைவிடப் பெரிதாக இருந்திருந்தால், வாஷர் விழுந்தாலும் போல்ட் நழுவியிருக்காது. சுபாங்கிலும் சிப்பாங்கிலும் விமானப் பராமரிப்பு வேலைக்குப் போக ஆசைப்படும் மாணவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

அதனால்தான், முன்சொன்ன மூன்றோடு நான்காவது ஒன்றையும் சேர்க்கச் சொல்கிறேன். நட்டு தன் நிலையைக் காட்ட வேண்டும். லாரி, பேருந்துச் சக்கரங்களின் நட்டுகளில் மஞ்சள் நிற அம்புக்குறிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை எதையும் பூட்டுவதில்லை. ஒரு நட்டு திரும்பினால் அம்பும் திரும்பும், ஓட்டுநர் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார். மலிவான பிளாஸ்டிக் துண்டுதான், ஆனால் அதை யோசித்தவர் மனிதனையும் சேர்த்து யோசித்திருக்கிறார்.

"இவ்வளவு பாடு எதற்கு? ஒவ்வொரு முறையும் புது நட்டு போட்டால் போயிற்று!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சில காசு விலையுள்ள நைலான் நட்டுக்கு அதுவே சரியான முடிவு. அங்கே மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது, கஞ்சத்தனம்தான். ஆனால், ஆயிரக்கணக்கான நட்டுகள் கொண்ட ரயில் பாதையிலும், கடலுக்கு நடுவே உள்ள எண்ணெய் மேடையிலும் ஒவ்வொரு முறையும் புதியதைத் தேடுவது எளிதல்ல. எதைத் தூக்கி எறிவது, எதை மீண்டும் நம்புவது என்ற முடிவை அவசரத்தில் இருக்கும் பட்டறைப் பையனின் தலையில் கட்டக்கூடாது. வடிவமைப்பவரே அதை முன்கூட்டித் தீர்மானித்துத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி அறிவியல் விழாவுக்கு எரிமலை மாதிரியும் எலுமிச்சை மின்கலமும் செய்தது போதும். கடையில் எம்10 நைலான் நட்டும் போல்ட்டும் வாங்குங்கள். போல்ட்டை மேசைப் பிடியில் பொருத்துங்கள். நட்டின் மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்பி, ஸ்பேனரில் ஒரு பயணப்பெட்டி எடைக்கருவியை மாட்டிச் செங்குத்தாக இழுக்கச் சொல்லுங்கள். நட்டு எந்தப் பரப்பையும் தொடக்கூடாது. போல்ட் முனை நைலானைத் தாண்டி வந்த பிறகு, நட்டு சுழலும்போது காட்டும் எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1 கிலோ காட்டினால் ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். இப்படி 15 முறை மாட்டிக் கழற்றி வரைபடம் போடட்டும். கோடு கீழே இறங்குவதை மாணவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்ப்பார்கள். எந்த இடத்தில் "இனி வேண்டாம்" என்று கோடு கிழிப்பது என்று அவர்களுக்குள் வாதம் எழும். பொறியாளர்கள் நாளும் நடத்தும் வாதம் அதுதான்.

மாணவர்களே, புதிய கண்டுபிடிப்பு என்றால் செயற்கை நுண்ணறிவும் விண்கலமும் மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். எல்லாரும் தினமும் தொடுகிற ஒரு நட்டில், எல்லாரும் சகித்துக்கொண்ட ஒரு குறையைக் கண்டு அதைத் தீர்ப்பதும் கண்டுபிடிப்புதான். அடுத்த முறை சங்கிலியைச் சரிசெய்து முடித்து ஸ்பேனரைக் கீழே வைக்கும் முன், அந்த நட்டு உங்கள் விரலுக்கு எவ்வளவு எதிர்ப்புக் காட்டியது என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்தச் சக்கரத்தில் ஏறிப் போகப்போவது உங்கள் வீட்டாராகவும் இருக்கலாம்.