காலி நாற்காலிக்கு எதிரே

ஒசூர் சாலையில் சந்தாபுரா சந்திப்பிலிருந்து வடக்கே போனால் சுமார் 20 கிலோமீட்டரில் நிம்ஹான்ஸ். நாட்டின் முதன்மையான மனநல நிறுவனம். 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் பக்கத்து பொம்மசந்திரா வரை வந்துவிட்டதால், தூரத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. ஆனாலும் மனத்தில் பாரத்தோடு இருப்பவர் கிளம்பத் தயங்குகிறார். யாரிடம் போவது? போனால் அவர் என்ன செய்வார்? சரிப்படவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல்தான் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

சந்தாபுராவைச் சுற்றிலும் தொழிற்சாலைகள். ஒரு பக்கம் பொம்மசந்திரா, ஜிகணி. இன்னொரு பக்கம் அத்திபெலே, அதைத் தாண்டினால் ஒசூர். ஷிப்ட் முடிந்து வருபவர்களின் பேச்சில் கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்து கேட்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்து, ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அப்பா இறந்து மூன்று வருடம். இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது ஒரு சண்டை. இரவு ஷிப்ட் இல்லாத நாளிலும் தூக்கம் வருவதில்லை. கைபேசியில் தேடினால் ஆலோசகர்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் ஏழெட்டு சிகிச்சை முறைகள். அதில் ஒன்று கெஸ்டால்ட்.

ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு முழு உருவம் என்று பொருள் சொல்லலாம். 1893-ல் பெர்லினில் பிறந்த ஃபிரிட்ஸ் பெர்ல்ஸும் அவர் மனைவி லாராவும் ஃபிராய்ட் வழியில் பயின்றவர்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டுத் தப்பி, தென்னாப்பிரிக்காவில் சில காலம் இருந்து, பிறகு நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். 1951-ல் வெளியான நூல் ஒன்றோடு கெஸ்டால்ட் சிகிச்சை உருப்பெற்றது. கடந்த காலத்தை வருடக்கணக்கில் தோண்டுவதைவிட, இந்த நிமிடம் உடம்பிலும் மனத்திலும் என்ன நடக்கிறது என்று கவனிக்கச் சொன்னது அது. ஏன் என்று கேட்பதைவிட, என்ன, எப்படி என்று கேட்டது. வாய் சிரிக்கும்போது கை ஏன் முஷ்டி பிடித்திருக்கிறது என்று ஆராயாமல், அந்த முஷ்டியை இன்னும் இறுக்கிப் பார்க்கச் சொன்னது.

இதன் பிரபலமான உத்தி காலி நாற்காலி. மூலம் மொரேனோ என்ற மனநல மருத்துவரின் நாடக சிகிச்சை. பெர்ல்ஸ் அதைத் தன் வழிக்கு வளைத்துக்கொண்டார். எதிரே ஒரு காலி நாற்காலி. அதில் அப்பா உட்கார்ந்திருப்பதாக நினைத்து, அவரைப் பற்றிப் பேசாமல் அவரிடமே பேச வேண்டும். பிறகு இடம் மாறி உட்கார்ந்து, அப்பாவாகப் பதில் சொல்ல வேண்டும். கேட்டால் பள்ளிக்கூட ஆண்டுவிழா ஓரங்க நாடகம் போலத் தோன்றும். உட்கார்ந்து பார்த்தவர்கள் பலருக்கு அப்படித் தோன்றியதில்லை. செத்துப்போனவரோடு முடியாமல் நின்ற கணக்கு திடீரென்று தொண்டைக்கு வந்துவிடும்.

நம் இளைஞருக்கு இங்கேதான் ஒரு சிக்கல். எந்த மொழியில் அப்பாவிடம் பேசுவது? ஆங்கிலத்தில் அப்பாவுக்கும் ஆபீஸ் மானேஜருக்கும் ஒரே 'யூ'. தமிழில் வாயைத் திறந்த உடனேயே முடிவு செய்தாக வேண்டும்: நீயா, நீங்களா? கிராமத்தில் அப்பாவை 'நீ' என்றே கூப்பிட்டு வளர்ந்தவர், நகரத்து சிகிச்சையாளர் முன்னிலையில் 'நீங்க' என்று மாறினால் அந்த மாற்றமே ஒரு செய்தி. வாழ்நாளெல்லாம் 'நீங்க' என்றவர் நாற்காலியைப் பார்த்து முதல் தடவையாக 'நீ' என்றால் அது இன்னும் பெரிய செய்தி. தமிழ் தெரியாத சிகிச்சையாளரின் காதில் இரண்டுமே விழாது.

இன்னொன்று. உணர்ச்சிக்குச் சொந்தம் கொண்டாடு என்பது கெஸ்டால்ட்டின் பால பாடம். தமிழிலோ கோபம் 'வருகிறது', அழுகை 'வருகிறது', பயமாக 'இருக்கிறது'. மொழியின் இயல்பே அது. இதைப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொண்டு, 'நான் கோபப்படுகிறேன்' என்று திருத்திச் சொல்லச் சொல்பவர் பாடப் புத்தகத்துக்கு விசுவாசமாக இருக்கலாம். எதிரே இருப்பவருக்கு அது மேடைப் பேச்சு போலத்தான் ஒலிக்கும்.

பொருத்தமான சிகிச்சையாளர் என்றால் என்ன என்பதற்குப் படமாகவே ஒரு சாட்சி இருக்கிறது. 1964-ல் அமெரிக்காவில், குளோரியா என்ற முப்பது வயதுப் பெண், விவாகரத்தானவர், மூன்று சிகிச்சையாளர்களோடு அடுத்தடுத்துப் பேசுவதைப் படம் பிடித்தார்கள். மூவரும் பெரும் புள்ளிகள்: கார்ல் ரோஜர்ஸ், பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ். ரோஜர்ஸ் பொறுமையாகக் கேட்டார். பெர்ல்ஸோ, பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்த குளோரியாவைப் பாசாங்கு செய்வதாகச் சீண்டினார். காலாட்டுவதைக்கூட விடவில்லை. குளோரியாவுக்குக் கோபம் வந்தது. பெர்ல்ஸுக்கு வேண்டியதும் அதுதான். கடைசியில் யார் உங்களுக்கு அதிகம் உதவுவார் என்று கேட்டபோது, குளோரியா பெர்ல்ஸைத்தான் சொன்னார்.

கதை அங்கே முடிந்திருந்தால் பெர்ல்ஸ் ரசிகர்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். பின்னாளில் குளோரியா வேறு மாதிரி பேசினார். படப்பிடிப்பு முடிந்தபின் பெர்ல்ஸ் தன் கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் சிகரெட் சாம்பலைத் தட்டியதாகச் சொன்னார். யாரோடு தொடர்பு நீடித்தது என்றால், ரோஜர்ஸோடு. 1979-ல் குளோரியா இறக்கும் வரை இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. அந்த நிமிடத்தில் உலுக்கிவிட்டவர் ஒருவர். பல வருடம் துணையாக நின்றவர் இன்னொருவர்.

இதை வைத்து கெஸ்டால்ட்டையே ஒதுக்குவது அநியாயம். லாரா பெர்ல்ஸின் பாணி கணவருடையது போல் அல்ல. எதிரே இருப்பவருக்குத் தாங்குதல் கொடுப்பதற்கு அவர் முக்கியத்துவம் தந்தார். கனடாவின் லெஸ்லி கிரீன்பெர்க்கும் அவர் சகாக்களும் காலி நாற்காலியை முறையாகச் சோதித்திருக்கிறார்கள். 1995-ல் வெளியான ஆய்வில், நெருங்கியவர்களோடு தீராத மனக்கசப்பு கொண்ட 34 பேரில், நாற்காலி உரையாடல் கிடைத்தவர்கள் பாட வகுப்பு போன்ற குழுவில் இருந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். எண்ணிக்கை சிறியதுதான். நடத்தியவர்கள் பயிற்சி பெற்றவர்கள், சீண்டி விளையாடியவர்கள் அல்ல. இதற்கு மறுபக்கமும் உண்டு: ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களின் குழு அமர்வுகளை ஆராய்ந்து லீபர்மன், யாலோம், மைல்ஸ் மூவரும் 1973-ல் வெளியிட்ட நூலில், கவர்ச்சியும் ஆக்ரோஷமும் கலந்த தலைவர்களின் குழுக்களில்தான் பாதிக்கப்பட்டவர்கள் அதிகம் என்று கண்டார்கள். எந்த முறையின் கொடியைப் பிடித்திருந்தார்கள் என்பது அவ்வளவு முக்கியமாக இல்லை.

முறை எதுவானாலும், சிகிச்சைக்கு வருபவருக்கும் சிகிச்சையாளருக்கும் இடையே ஏற்படும் இணக்கம் பலனோடு சேர்ந்தே போகிறது என்பது திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. 2018-ல் 295 ஆய்வுகளை, 30,000-க்கும் மேற்பட்டவர்களின் அனுபவத்தை, ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும் அதே முடிவு. இணக்கம் என்றால் இனிக்க இனிக்கப் பேசுவது அல்ல. என்ன வேண்டும் என்பதிலும் அதற்கு என்ன செய்வது என்பதிலும் இருவரும் ஒத்துப்போவது. நடுவில் நம்பிக்கை இருப்பது.

நம் ஊரில் இதற்கு ஒரு தனித் தடை இருக்கிறது: மரியாதை. இந்தியாவில் சிகிச்சை உறவுக்குக் குரு சிஷ்ய உறவு மாதிரியாகலாம் என்று மனநல மருத்துவர் ஜே.எஸ்.நேகி 1973-ல் எழுதினார். வழிகாட்டு என்று வந்து உட்காருபவரிடம் நீயே கண்டுபிடி என்று கைவிரித்தால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார் என்பது நம் மருத்துவர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் குருவின் இருக்கையில் ஏற்றிய பிறகு, 'நீங்க சொன்னது எனக்கு வலிச்சுது சார்' என்று யார் சொல்வது? கெஸ்டால்ட்டில் இந்தச் சங்கடம் இரட்டிப்பு. சீண்டுவதும் உத்தியில் ஒன்று என்பதால், வலி சிகிச்சையா அவமானமா என்று உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது.

கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. நாற்காலியில் உட்கார வைக்கும் முன் என்ன செய்யப் போகிறோம், எதற்கு என்று சொன்னாரா? வேண்டாம் என்றால் விட்டாரா? அழுது முடித்த பின் மூச்சு சீராகி, இயல்புக்குத் திரும்ப நேரம் கொடுத்தாரா, அல்லது மணி பார்த்து அனுப்பினாரா? வலித்தது என்று சொன்னபோது கேட்டுக்கொண்டாரா, அல்லது அதையும் 'உங்கள் எதிர்ப்பு' என்று உங்கள் கணக்கிலேயே எழுதினாரா? இந்தக் கடைசிப் பதிலைச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே உத்தமம். மற்றபடி, ஒத்துவரவில்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடுவதைவிட ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது. நல்ல சிகிச்சையாளர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தேவைப்பட்டால் வேறொருவரை அவரே சொல்வார்.

படிப்பை விசாரிப்பதிலும் கூச்சம் வேண்டாம். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். ஆலோசகர் என்ற பெயருக்கு நீண்ட காலம் அப்படி ஒரு வேலி இருக்கவில்லை. 2021-ல் வந்த சுகாதாரத் தொழிலர்கள் சட்டம்தான் ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. எனவே கெஸ்டால்ட் தெரியும் என்பவரிடம், எங்கே, எத்தனை மாதம், யாருடைய மேற்பார்வையில் கற்றீர்கள் என்று கேட்கலாம். வார இறுதிப் பட்டறை ஒன்றில் கற்றது என்றால், அப்பாவை நாற்காலியில் உட்கார வைக்க அது போதாது. மனச்சிதைவு போன்ற தீவிர நோய் உள்ளவர்களுக்கும், தற்கொலை எண்ணம் வாட்டுபவர்களுக்கும் முதலில் மனநல மருத்துவர். நாற்காலி காத்திருக்கும்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாத சந்தாபுரா இளைஞருக்கு 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு. நிம்ஹான்ஸ்தான் இதன் தலைமை மையம். பேசக் கிடைக்கும் 20 மொழிகளில் தமிழும் ஒன்று.