உபதேசியார் வேலையைத் திரும்பக் கொடுங்கள்

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது குரும்பலூர். மேற்கே பச்சைமலை, சாலையின் இருபுறமும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இந்தப் பக்கத்துப் பங்குச்சாமிகளின் ஞாயிற்றுக்கிழமையைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். விடிவதற்கு முன்பே பங்குக் கோயிலில் பூசை. முடிந்ததும் அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஒரு கிளைக் கிராமம். அங்கிருந்து இன்னொன்று. திரும்பி வரும்போது வெயில் ஏறியிருக்கும். அறை வாசலில் ஒருவர் திருமண ஓலைக்கும், ஒருவர் ஞானஸ்நானச் சான்றுக்கும், அண்ணன் தம்பி இருவர் வரப்புத் தகராறுக்கும் காத்திருப்பார்கள். குருக்கள் குறைவாக இருக்கும் இடத்தில், ஆயரின் அனுமதியோடு, ஞாயிறன்று ஒரு குரு மூன்று பூசை வரை வைக்கலாம். அதற்கு மேல் திருச்சபைச் சட்டம் இடம் தராது. நான்காவது ஊர் அடுத்த வாரம் வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இப்படிப்பட்ட கிளைக் கிராமம் ஒன்றில் உபதேசியாராக இருந்தவரின் மகள். நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு கிளைக் கிராமத்துக்கும், முறையாகப் பயிற்சி பெற்று முறையாகச் சம்பளம் வாங்கும் ஓர் உபதேசியார் வேண்டும். அவர் இல்லாததால்தான் பங்குச்சாமிகள் ஓய்ந்து போகிறார்கள். நாம் அவர்களைத் தேடிப் போகிறோம்; அவர்களுக்கு நம் வீட்டுக்கு வர நேரமில்லை.

அப்பா என்ன செய்தார் என்று சொன்னால்தான் இது புரியும். காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் கோயில் மணி அடிப்பது அவர் வேலை. சாமியார் வராத ஞாயிறுகளில் ஊரைக் கூட்டிச் செபம் சொல்லி, வாசகம் வாசித்து, இரண்டு வார்த்தை பேசுவார். சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்து மந்திரமும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுப்பார். புதுநன்மை வாங்கப் போகும் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம். தவக்காலத்தில் சிலுவைப்பாதை, மே மாதத்தில் மாதா வணக்கம், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ஆட்களைத் திரட்டிக் கல்லறைத் தோட்டத்து முள்ளை வெட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. யாராவது சாகக் கிடக்கிறார்கள் என்று ராத்திரியில் ஆள் வந்தால், அரிக்கேன் விளக்கோடு சைக்கிளில் போய் அவஸ்தை பூசுவதற்குச் சாமியாரை அழைத்து வருவார். அதற்குள் உயிர் தாங்காது என்று தோன்றினால் வேறு ஆளை அனுப்பிவிட்டு, அவரே கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து உத்தம மனஸ்தாப மந்திரத்தை மெதுவாகச் சொல்லவைப்பார். கிறிஸ்தவர் வீடு, இந்து வீடு என்று பார்த்ததில்லை. இரவில் வீறிட்டு அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, செபிக்கச் சொல்லி எல்லா வீட்டாரும் எங்கள் வாசலுக்கு வருவார்கள். பள்ளியில் இடம் வேண்டுமென்றாலும், போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றாலும், அவர் வழியாகத்தான் விஷயம் சாமியாருக்குப் போகும். அதனால் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்பாவிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. வீட்டுக்கு ஒரு பக்கம். யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், எந்த வீட்டில் படுக்கையில் யார், எந்தப் பையன் திருப்பூருக்குப் போனான், யார் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார், ஏன் நிறுத்தினார், எல்லாம் அதில் இருக்கும். புதிதாக மாற்றலாகி வரும் சாமியார்கள் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார்கள். கோயிலில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடு ஒரு மனிதர் எப்போது பிறந்தார், யாரை மணந்தார் என்று சொல்லும். அந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார் என்று அப்பாவின் நோட்டு சொல்லும்.

இது எங்கள் குடும்பப் பெருமை மட்டும் அல்ல. தமிழ்க் கத்தோலிக்கம் நின்றதே இப்படித்தான். அரியலூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சியில் கொள்ளிடக் கரையில் கோயில் எழுப்பி, அந்த ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்த வீரமாமுனிவரை எல்லோரும் தேம்பாவணிக்காகவும் சதுரகராதிக்காகவும் நினைக்கிறார்கள். நான் அவரை வேதியர் ஒழுக்கத்துக்காக நினைக்கிறேன். 1727-இல் அவர் எழுதிய அந்த உரைநடை நூல் அரசருக்கோ புலவருக்கோ எழுதியது அல்ல. ஊர் ஊராக நடந்து வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களுக்காக எழுதியது. ஒரு குரு பத்து நாள் நடை தூரத்தைத் தனியாகக் கவனிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு பெரிய புலவர் அவர்களுக்காக உட்கார்ந்து எழுதினார் என்பதே அந்த வேலைக்கு அவர் கொடுத்த இடத்தைக் காட்டுகிறது.

1773-இல் போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்தார். மதுரை மிஷனுக்கு அந்தச் சபையார் திரும்பி வர 1830களின் கடைசி ஆயிற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேல், பல ஊர்கள் குருவின் முகத்தை எப்போதாவதுதான் பார்த்தன. அந்த ஊர்களில் செபம் ஓயவில்லை, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நிற்கவில்லை. அதற்கும் முன்பே, கடலுக்கு அப்பால், டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த இலங்கையில், புனித யோசேப் வாஸ் ஒளிந்து ஒளிந்து ஊர் சுற்றியபோதும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு மூப்பரையும் ஓர் அண்ணாவியாரையும் நம்பித்தான் மக்களை விட்டுப் போனார்.

அந்த வேலை இன்று எங்கே போயிற்று? பல ஊர்களில் உபதேசியார் ஓய்வு பெற்றார், அல்லது இறந்தார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. மணி அடிக்கக் கோயில்பிள்ளை இருக்கிறார், சில ஊரில் அந்த மணியும் இயந்திரத்தில் அடிக்கிறது. மற்ற எல்லாம் பங்குச்சாமியின் தலையில் விழுந்தது. ஏற்கெனவே அவருக்குப் பள்ளி நிர்வாகம், கட்டட வேலை, வசூல், கணக்கு, பட்டா, மின்கட்டணம், திருவிழாவுக்குப் போலீஸ் அனுமதி, அன்பியக் கூட்டம், நவநாள். தத்துவமும் இறையியலும் படித்துப் பல ஆண்டு குருமடத்தில் இருந்த ஒருவர், ஜல்லி லோடு வந்ததா என்று போன் பண்ணிக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியாக இருக்கிறார். சமைத்ததைச் சாப்பிட்டாரா என்று கேட்க ஆளில்லாத வீட்டில், இரவு தாமதமாகக் கதவைத் திறந்து உள்ளே போகிறார். இந்த மாவட்டங்களின் பிள்ளைகள் குருவாகித் தொலைதூரம் போய்ப் பணி செய்ததும் உண்டு. அப்படிப் போகிறவர்களைப் போகாதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இங்கே இருப்பவர்களின் பாரத்தைக் குறைக்க வேண்டியது நாம்தான்.

பங்குக்குரு குடும்பங்களைச் சந்திக்க வேண்டும், நோயாளிகளையும் ஏழைகளையும் தேடிப்போக வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 529-ஆம் எண் சொல்கிறது. பங்குக்குரு ஓரிடத்தில் நிலையாக இருக்க வேண்டும் என்று 522-ஆம் எண் சொல்கிறது. ஆயர் பேரவையின் முடிவுப்படி காலவரம்பு வைக்கலாம் என்று இடமும் விடுகிறது. நம் ஊர்களில் அந்த இடமே வழக்கமாகிவிட்டது. மே மாதம் வந்தால் மாற்றல் பட்டியல். மக்களின் பெயர் மனதில் பதிந்து, யார் வீட்டில் நாய் கடிக்கும் என்று தெரிகிற நேரத்தில் சாமியார் பெட்டி கட்டுகிறார். பங்குக்குருக்களின் பாதுகாவலராகிய புனித ஜான் மரிய வியான்னி 1818-இல் ஆர்ஸ் என்ற சின்ன ஊருக்குப் போனார். 1859 ஆகஸ்ட் 4 அன்று சாகும் வரை அங்கேயே இருந்தார். நாற்பத்தோரு ஆண்டு! நம் சாமியார்களுக்கு அப்படி அமையாது. மாற்றலில் நியாயமும் உண்டு. ஒருவரே நெடுங்காலம் இருந்தால் ஊருக்குள் கட்சி சேரும். குரு மாறிக்கொண்டே இருப்பார் என்றால், மாறாமல் ஊரிலேயே இருக்கும் ஒருவர் வேண்டும். அப்பா அப்படித்தான் இருந்தார்.

இதற்குத் தடை சொல்லத் திருச்சபையில் எந்தக் காரணமும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட நற்செய்திப் பணி பற்றிய விதித்தொகுப்பு உபதேசியார்களைப் பெயர் சொல்லிப் பாராட்டி, அவர்களுக்குத் தகுந்த ஊதியமும் பாதுகாப்பும் வேண்டும் என்று கேட்டது. திருச்சபைச் சட்டத்தின் 231-ஆம் எண் அதையே பொதுநிலையினரின் உரிமையாக்கியது. 2021 மே 10 அன்று போப் பிரான்சிஸ் உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாகவே நிறுவினார். ஆணும் பெண்ணும் அதற்கு வரலாம். அந்த ஆவணத்தைப் படித்த அன்று அப்பாவை நினைத்து அழுதேன். அவர் உயிரோடு இருந்திருந்தால் தன் வேலைக்கு ரோமாபுரியே பெயர் வைத்துப் பீடத்தில் ஏற்றியதைப் பார்த்திருப்பார்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கொடியேற்றத்திலிருந்து தேர் பவனி வரை நாம் பந்தலுக்கும் சீரியல் விளக்குக்கும் மைக்செட்டுக்கும் வாணத்துக்கும் எவ்வளவு கொட்டுகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் திருவிழாவுக்கு விரோதி அல்ல. எங்கள் பக்கத்துப் பாளையம் ஊரின் சூசையப்பர் தேர் வரும்போது என் கையும் தானாகக் கூப்பிக்கொள்ளும். தேம்பாவணிக்கே நாயகர் அவர்தான், உழைத்துச் சாப்பிட்ட தச்சர். அவர் பெயரால் வசூலாகும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை ஓர் உழைப்பாளியின் சம்பளத்துக்கு எடுத்து வைப்பதை அவர் மறுக்கவே மாட்டார்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. உபதேசியார் என்று ஒருவரை வைத்தால் அவர் குட்டி ராஜா ஆகிவிடுவார், பெரிய குடும்பங்களின் ஆளாக இருப்பார் என்கிறார்கள். நடந்திருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. நம் கோயில்களில் சாதி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்ட எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதில் மூண்ட மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு உயிர் போனது. நம் மறைமாவட்டத்திலேயே, துறையூர்ப் பக்கத்துக் கோட்டப்பாளையத்தில் தலித் மக்களைத் திருவிழாவிலும் நிர்வாகத்திலும் ஒதுக்குவதாக எழுந்த புகார் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இந்த நிலையில் ஊரின் ஒரு தெரு மட்டும் கூடி உபதேசியாரைத் தேர்ந்தெடுத்தால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன். எல்லாத் தெருவும் கூடிப் பெயர் சொல்ல வேண்டும், ஆயர் நியமிக்க வேண்டும், பணிக்குப் புதுப்பிக்கக்கூடிய காலவரம்பு வேண்டும், பணத்தில் கைவைக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கக் கூடாது. முதலில் நியமிக்கப்படுகிறவர்களில் பெரும் பங்கு இதுவரை பின்வரிசையில் நிறுத்தப்பட்ட குடும்பங்களிலிருந்து வர வேண்டும். சாகக் கிடக்கும் பெரிய வீட்டுக்காரரின் கட்டிலருகே சேரித்தெருப் பெண் உட்கார்ந்து செபம் சொல்லும் ஊரில் சாதி கொஞ்சமாவது தளரும் என்று நம்புகிறேன்.

பெண் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அப்பாவின் பெயருக்குப் பின்னால் அம்மா செய்த வேலைக்குச் சம்பளம் இருந்ததே இல்லை. கைம்பெண்களின் வீட்டுக்கு அப்பா போக முடியாத நேரங்களில் அம்மா போனார். கணவனிடம் அடிபட்டு வந்தவள் அப்பாவிடமோ சாமியாரிடமோ வாய் திறக்க மாட்டாள். எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் சொல்வாள். பிறந்து பிழைக்காது என்று தெரிந்த சிசுவின் தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். ஆபத்து நேரத்தில் யாரும் கொடுக்கலாம் என்று திருச்சபையே சொல்கிறது. இன்று ஊரில் பட்டம் படித்த பெண்கள் இருக்கிறார்கள். குரும்பலூரிலேயே கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்தில் தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இருக்கிறது. பயிற்சிக்கு வேறெங்கும் தேட வேண்டாம்.

புனித வியான்னியின் நாளான ஆகஸ்ட் 4 வந்தால் பங்குகளில் சாமியாருக்குச் சால்வை போர்த்தி, கேக் வெட்டி வாழ்த்துவோம். வரும் ஆகஸ்டில் எங்கள் பகுதிக் கிளைக் கிராமங்கள் சேர்ந்து அவர் கையில் ஒரு மனுவைக் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஊருக்கு இரண்டு பெயர், ஒன்று பெண்ணின் பெயர். மாதச் சம்பளத்துக்குத் திருவிழாக் கணக்கிலிருந்து ஒதுக்கும் தொகை. எல்லாத் தெருக்காரர்களின் கையெழுத்து. மனுவை நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து வாங்க வீடு வீடாகவும் வருகிறேன்.